மாத்துவதும் சரி பண்ணுவதும்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இயந்திரம் நின்றுபோனால் பராமரிப்பு ஃபிட்டரிடம் முதலில் கேட்கப்படுவது, "மாத்தணுமா, சரி பண்ணணுமா?" என்பதுதான். இரண்டுக்கும் நடுவே தூரம் அதிகம். மாற்றுவதென்றால் ஸ்டோரில் சாமான் இருக்க வேண்டும், அதை எடுக்க மேலே இருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் வேலை முடிந்தது. சரி பண்ணுவதென்றால் அதே சாமான்தான் தொடரும். செலவாவது ஆளின் கையும் கண்ணும் நேரமும். பேரிங் போனால் மாற்றத்தான் வேண்டும். பெல்ட் தளர்ந்தால் இழுத்துச் சரி பண்ணலாம், நைந்திருந்தால் மாற்ற வேண்டும். காயில் கருகிய மோட்டார் இந்த இரண்டிலும் அடங்காது. வெளிக்கூடு அதேதான், உள்ளே சுற்றிய செம்புக் கம்பி முழுவதும் புதிது. அதற்குத் தனிச் சொல் உண்டு: கட்டுவது. "மோட்டார் கட்டக் கொடுத்திருக்கு" என்றால் அது ரீவைண்டிங் கடையில் இருக்கிறது, இரண்டொரு நாளில் வரும் என்று அர்த்தம்.

எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், டர்னர், வெல்டர் என ஏதாவது ஒரு தொழில் படித்துவிட்டு, 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி பயிற்சிக்குச் சேர்ந்த இளைஞர்கள் முதலில் கற்றுக்கொண்டது இந்தப் பாகுபாட்டைத்தான். வடசென்னையிலிருந்து வந்தவர்கள் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஒவ்வொரு நிலையமாக நின்று போகும் மின்ரயிலில் முதல் ஷிப்டுக்கு வந்து சேர்வார்கள். உள்ளூர்க்காரர்கள் சைக்கிளில் வருவார்கள். இந்த இளைஞர்களின் பாடப்புத்தகத்தில் 'பராமரிப்பு', 'பழுது நீக்கம்' என்ற தலைப்புகள் இருந்தன. ஷெட்டுக்குள் அந்தச் சொற்களை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அங்கே வழங்கியவை வேறு. ஒவ்வொன்றும் எந்த அளவு வேலை, யார் பொறுப்பு, முடிந்தபின் பொருள் என்னவாக இருக்கும் என்பதையும் சேர்த்தே சொன்னது.

'ரிப்பேர்' என்ற சொல் இதில் கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தில் அது குணமாக்கும் வேலையின் பெயர். தமிழில் அது நோயின் பெயராகிவிட்டது. "வண்டி ரிப்பேர்" என்றால் வண்டி ஓடவில்லை என்று பொருள்; யாரும் அதைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள் என்று பொருளில்லை. "கிரேன் ரிப்பேர் ஆயிடுச்சு" என்று ஓடி வந்து சொல்லும் ஹெல்பர் கெட்ட செய்திதான் சொல்கிறார். கடைப் பலகையில் 'வாட்ச் ரிப்பேர்' என்று எழுதியிருக்கும்போது மட்டும் சொல் தன் பழைய வேலைக்குத் திரும்பும். இந்தத் திருப்பத்துக்குத் தமிழிலேயே ஒரு முன்மாதிரி இருந்தது. 'பழுதுபார்த்தல்' என்ற சொல்லில் இருப்பது பழுதும் பார்வையும். நீக்கம் வெளிப்படையாக இல்லை. வைத்தியம் பார்ப்பது, கணக்குப் பார்ப்பது போல, 'பார்' என்ற வினையே பொறுப்பெடுத்துக் கவனிப்பதைக் குறிக்கிறது. கோளாறைக் கண்டுபிடிப்பது வேலையில் பாதிக்குமேல் என்பதை அறிந்த மக்களின் சொல் அது. பழைய மேஸ்திரிகள் பலர் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கியர்பாக்ஸின் மேல் ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திச் சத்தம் கேட்பார்கள். பயிற்சிக்கு வந்தவர்களுக்கு அந்தச் சில நிமிடங்கள் வேலை நடக்காத நேரமாகத் தோன்றும். உண்மையில் வேலை அதுதான்.

எதை எத்தனை முறை சரி பண்ணலாம் என்பதற்கு எல்லை உண்டு. அந்த எல்லையைக் கண்ணால் காட்டுவது ரோலிங் மில். கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் கட்டடக் கம்பி உருட்டும் ஆலைகள் பல. உலையில் ஆயிரத்து நூறு டிகிரிக்கு மேல் பழுக்கக் காய்ந்த பில்லெட், சுழலும் இரண்டு ரோல்களின் பள்ளத்துக்குள் புகுந்து, அடுத்தடுத்த ஸ்டாண்டுகளில் மெலிந்து நீண்டு கம்பியாகும். ஓட ஓடப் பள்ளம் தேயும், கம்பியின் அளவு பிசகும். அப்போது ரோலைக் கழற்றிக் கடைசல் எந்திரத்தில் ஏற்றி, தேய்ந்த மேற்பரப்பைச் சீவிப் பள்ளத்தை மறுபடி வெட்டுவார்கள். ரோல் புதிதுபோல் ஆகும். ஆனால் விட்டம் சற்றுக் குறைந்திருக்கும். ஒவ்வொரு கடைசலிலும் இப்படிக் குறைந்து, ஒரு குறிப்பிட்ட விட்டத்துக்குக் கீழே போனதும் அந்த ரோல் பழைய இரும்பு. பன்னிரண்டு எம்.எம். ஓட்டி முடித்து எட்டு எம்.எம். ஓட்ட வேண்டுமென்றால் ரோலையும் கைடையும் மாற்ற வேண்டும். அதற்கு 'சைஸ் மாத்துறது' என்று பெயர். அங்கே பழுது எதுவும் இல்லை. ஒன்றின் இடத்தில் இன்னொன்று வருகிறது, அவ்வளவே. 'மாற்று' என்ற வினை இந்த நடுநிலையைத் தமிழில் எங்கும் காப்பாற்றிக்கொள்கிறது. ஷிப்ட் மாற்றுவது, சில்லறை மாற்றுவது, வீடு மாற்றுவது ஆகிய எதிலும் புதியது பழையதைவிட நல்லது என்ற உறுதி கிடையாது. தங்கத்தின் தரத்தை 'மாற்று' என்று சொல்லும் பொற்கொல்லர் வழக்கு மட்டும் தனித்து நிற்கிறது.

லேத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இன்னொரு நுட்பம் தெரியும். ஷாஃப்ட் வரைபடத்தில் உள்ள அளவைவிடத் தடித்திருந்தால் இன்னொரு கட் கொடுத்துச் சரிக்கு வரலாம். மெலிந்துவிட்டால் சீவி மீட்க வழியில்லை. துளைக்கு இது தலைகீழ்: சிறிதாக இருந்தால் பெரிதாக்கலாம், பெரிதாகிவிட்டால் போயிற்று. மீட்கக்கூடியதற்கு ரீவொர்க் என்றும் மீட்க முடியாததற்கு ரிஜெக்ட் என்றும் தனித்தனி நிறச் சீட்டு கட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு மீட்பு வழி உண்டு. மெலிந்த ஷாஃப்டின்மேல் வெல்டிங் வைத்து ஏற்றி மறுபடி கடைவது, பெரிதான துளையில் புஷ் அடித்து உள்ளளவைத் திரும்பக் கொண்டுவருவது. இவற்றுக்கு 'சரிக்கட்டுவது' என்று பெயர். வீட்டுச் சமையலில் உப்புக் கூடிப்போன குழம்பைச் சரிக்கட்டுவதும் இதே சொல்தான். குறையைப் போக்கியதாகச் சொல் உரிமை கொண்டாடாது. குறை இருந்த இடத்தை வேறொன்றால் ஈடுசெய்ததாக மட்டும் ஒப்புக்கொள்ளும். தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளருக்கும் வாடிக்கையாளருக்கும் இந்த வேறுபாடு மிக முக்கியம். வெல்டு வைத்துக் கடைந்த ஷாஃப்டைப் புதிய ஷாஃப்ட் என்று அனுப்பக் கூடாது.

பெரிய தொழிற்சாலைகள் தங்கள் சொற்களைச் சிறிய பட்டறைகளுக்குக் கொடுத்தன. எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் பின்னர் அசோக் லேலண்ட் ஆயிற்று. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டு, 1965இல் விஜயந்தா டாங்க் வெளிவந்தது. இத்தகைய இடங்களில் ஒரு வண்டியையோ இன்ஜினையோ முழுவதும் பிரித்து, ஒவ்வொரு உறுப்பையும் அளந்து, தேய்ந்ததை மாற்றி, மற்றதைச் சுத்தம் செய்து, திரும்பக் கோக்கும் வேலைக்குத் தொழிலாளர் வாயில் வழங்கிய பெயர் 'ஓவராயில்'. அங்கிருந்து அது லாரி ஷெட்டுக்கும் தண்ணீர் பம்ப் மெக்கானிக்குக்கும் போனது. செட் பண்ணுவது அதைவிடச் சிறியது: எல்லாம் சரியாக இருக்கிறது, இருக்கும் இடத்தில் இல்லை. அட்ஜஸ்ட் பண்ணுவது அதிலும் சிறியது. ரெடி பண்ணுவது எந்த வேலைக்கும் பொருந்தும். என்ன செய்தார் என்று சொல்ல மெக்கானிக்குக்கு விருப்பமில்லாதபோது அந்தச் சொல் வரும்.

ஷெட்டில் தமிழ் மட்டும் ஒலித்ததில்லை. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரா. தடா, சூளூர்ப்பேட்டைப் பக்கமிருந்து வந்தவர்களும் தலைமுறைகளாக இந்தப் பக்கமே இருக்கும் குடும்பங்களும் தெலுங்கு பேசினார்கள். அவர்களுக்கு இயந்திரத்தைச் சரிசெய்வது 'பாகு செய்யி'. பாகு என்றால் நலம்; எனவே நலமாக்கு. பின்னர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து தொழிலாளர் வரத்து பெருகியபோது 'டீக் கரோ' என்ற இந்தித் தொடரும் அன்றாடச் சொல்லாயிற்று. டீக் என்பது சரி. மூன்று மொழிகளிலும் கட்டுமானம் ஒன்றே: ஒரு நல்ல நிலையைக் குறிக்கும் சொல், அதனுடன் 'செய்'. அதனால் பாஷை தெரியாத இருவர் ஒரே எந்திரத்தின் இரு பக்கமும் நின்று வேலை பார்க்கும்போது இந்தச் சொற்கள்தான் முதலில் கைமாறின. ஒடிசாவிலிருந்து வந்த பையன் 'சரி பண்ணு' என்பதை முதல் வாரத்திலேயே சொல்லத் தொடங்குவான். அவனுக்குக் கற்றுக்கொடுக்கும் தமிழ் அண்ணனும் 'டீக்' சொல்வார்.

தமிழுக்குள்ளேயே ஓர் ஊடாட்டம் கும்மிடிப்பூண்டியில் நடந்தது. அது அதிகம் பேசப்படவில்லை. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து தஞ்சமடைந்த தமிழர்களுக்காகத் தமிழ்நாட்டில் அமைந்த முகாம்களில் பெரிய ஒன்று இவ்வூரில் உள்ளது. முகாமிலிருந்து பெயின்டிங், வெல்டிங், கட்டட வேலைக்கு வந்தவர்கள் 'ரிப்பேர் பண்ணு' என்று சொல்லவில்லை; 'திருத்து' என்றார்கள். சைக்கிளைத் திருத்தக் கொடுத்திருப்பதாக ஒருவர் சொன்னபோது உள்ளூர் இளைஞர்களுக்கு அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. தமிழ்நாட்டில் திருத்தப்படுபவை வேறு. ஆசிரியர் விடைத்தாளைத் திருத்துவார். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவார்கள். கடைவீதியில் முடிதிருத்தும் நிலையம் இருக்கும். நாடாளுமன்றம் அரசமைப்பைத் திருத்தும். பழைய உழவர் வழக்கில் காடு திருத்திக் கழனியாக்குவது உண்டு. சைக்கிள் மட்டும் இந்தப் பட்டியலில் இல்லை. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் திருத்த வேலை என்றால் வாகனத்துக்கும் வானொலிக்கும் கூரைக்கும் பொருந்தும். ஈழத்தவர் வழக்கு சொல்லின் முழு அகலத்தையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. இங்கே அதில் ஒரு பகுதியை ஆங்கிலச் சொல்லுக்கு விட்டுக்கொடுத்தாகிவிட்டது.

அரசு அறிவிப்புகளிலும் இந்தக் கிளைபிரிவு தெரியும். இங்கே வளர்ச்சி, மேம்பாடு என்பவை அங்கே அபிவிருத்தி. இங்கே மறுவாழ்வு, அங்கே புனர்வாழ்வு. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 'இலங்கை அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. அந்தப் பெயரோடு புதிய வீடுகள் கட்டுவது உள்ளிட்ட திட்டங்களும் அறிவிக்கப்பட்டன. முகாமில் பிறந்து வளர்ந்து, ஆலைகளில் வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு 'அகதி' என்ற சொல் எப்படிச் சுட்டது என்பது உடன் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பெயர் மாற்றம் நல்லது. குடியுரிமை இல்லாமல் மறுவாழ்வு எந்த அளவு முழுமையாகும் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

'திருத்து' என்பதற்கு அருகில் 'திருந்து' நிற்கிறது. ஒருவர் பிறிதொன்றைச் சீராக்குவது திருத்துவது; தானே சீராவது திருந்துவது. மாறு–மாற்று, உயர்–உயர்த்து, தேறு–தேற்று என இந்த இரட்டைகள் தமிழில் ஏராளம். இலக்கணத்தில் இதைத் தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்து மறந்தவர்கள், பேச்சில் ஒருபோதும் தவறவிடுவதில்லை. குடியை விட்டவரைப் பற்றி "திருந்திட்டாரு" என்பார்கள். அவரை யாரும் திருத்தியதாகச் சொல்ல மாட்டார்கள். சிறை நிர்வாகத்தின் பெயரிலோ பிறவினைதான் உள்ளது: சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை. சீர்திருத்தம் என்ற சொல் தமிழ்நாட்டில் பெரிய வேலைகளைச் சுமந்திருக்கிறது. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சீர்திருத்தத் திருமணம் என்ற பெயரும் வழங்கியது. 1967இல் அதற்குச் சட்ட ஏற்பு கிடைத்தது. பெரியார் 1935இல் தம் இதழ்களில் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்றது. அதற்கு முன் எழுதப்பட்ட 'தொழிற்சாலை' பலகைகளில் லகர ஐகாரம் தும்பிக்கை போல வளைந்திருக்கும். எண்பதுகள் முழுவதும் எண்ணூர், மணலிப் பக்கச் சுவர்களில் பழைய வடிவமும் புதிய வடிவமும் அடுத்தடுத்து இருந்தன. பெயின்டர்கள் சுவரை மறுபடி எழுத வேண்டிய சமயம் வந்தபோதுதான் மாற்றினார்கள்.

தொண்ணூறுகளின் இறுதியில் ஆலைக்குள் ஒரு புதிய சொல் வந்தது: கைசன். ஜப்பானியத்தில் 'கை' மாற்றம், 'சென்' நல்லது. மசாக்கி இமாய் 1986இல் எழுதிய நூல் அதை உலகமெங்கும் கொண்டுபோனது. சென்னை வட்டாரத்துக்கு அது வந்த வழி வாகனத் தொழில். பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதன்முறை. அதே ஆண்டு திருவள்ளூர் அருகே இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் கார் உற்பத்தி தொடங்கியது. பெரிய நிறுவனங்கள் உதிரிபாகம் வாங்கும் சிறிய ஆலைகளிடமும் கைசன் கேட்டன. கும்மிடிப்பூண்டி, காக்களூர், திருமழிசை ஷெட்டுகளில் சுவரெங்கும் பணியிட ஒழுங்குக்கான 'ஐந்து எஸ்' அட்டைகள் ஏறின.

கைசன் தாளின் அமைப்பு எளியது. இடப்பக்கம் 'முன்பு', வலப்பக்கம் 'பின்பு'. இரண்டிலும் படமோ புகைப்படமோ, கீழே எண். டை மாற்ற முன்பு எத்தனை நிமிடம், இப்போது எத்தனை. ஒரு பாகத்தை எடுக்க ஆபரேட்டர் முன்பு எத்தனை அடி நடந்தார், இப்போது எத்தனை. செய்தவர் பெயர், தேதி. முதல் ஆண்டுகளில் தொழிலாளர்கள் இதைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். நிமிடம் மிச்சமானால் அதைக் கொண்டு ஆளைக் குறைப்பார்களோ என்ற அச்சம் நியாயமானது. சில இடங்களில் அப்படி நடக்கவும் செய்தது. ஆனாலும் அந்தத் தாள் ஒரு நல்ல காரியம் செய்தது. 'முன்னேற்றம்', 'மேம்பாடு' என்ற சொற்களை அது சும்மா விடவில்லை. எதிலிருந்து, எதற்கு, யாரால், எப்போது என்று கேட்டு, கட்டம் கட்டி வாங்கியது. குனிந்து தூக்க வேண்டிய காஸ்டிங் பெட்டியை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி வைக்க ஒரு ஸ்டாண்ட் அடித்த ஹெல்பரின் பெயர் சுவரில் ஏறியது. முதுகுவலி குறைந்தது என்று எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை, ஆனால் எல்லோரும் முதலில் கவனித்தது அதைத்தான்.

அரசுப் பலகைகளில் இதே சொற்கள் கட்டமில்லாமல் உலவுகின்றன. 1952 அக்டோபர் 2இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியதிலிருந்து வட்டார வளர்ச்சி அலுவலர் இருக்கிறார். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் இருக்கிறது. வளர்ச்சி என்பது வளர்வதன் பெயர், தன்வினை. பயிர் வளர்வதுபோல அது தானே நடப்பதாக ஒலிக்கும். மேம்பாடு அதற்குப் பின் பரவலாயிற்று. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: நல்லது நடக்கும் என்கின்றன, என்ன நடக்கும் என்று சொல்வதில்லை. மனுவுக்கு வரும் பதிலில் வினையோடு 'படு' சேர்ந்துகொள்ளும். சாலை சீரமைக்கப்படும், கால்வாய் மேம்படுத்தப்படும், ஆவன செய்யப்படும். செய்பவரும் நாளும் வாக்கியத்தில் இருக்க மாட்டார்கள்.

குடிசை மாற்று வாரியத்தின் பெயர் இதற்கு நல்ல சான்று. 1970இல் அமைந்த அந்த வாரியத்தின் ஆங்கிலப் பெயரில் இருந்தது அகற்றுதல். தமிழில் பெயர் வைத்தவர்கள் 'அகற்று' என்று எழுதாமல் 'மாற்று' என்று எழுதினார்கள். குடிசை போகும், அதன் இடத்தில் வேறொன்று வரும் என்ற வாக்குறுதி அந்த ஒரு சொல்லில் இருந்தது. மாற்றுவதென்றால் பழையதைக் கழற்றினால் போதாது, புதியதை மாட்டவும் வேண்டும் என்பதை ஷெட்டில் உள்ள எவரும் சொல்வார்கள். 2021இல் வாரியம் 'தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' ஆயிற்று. குடிசை என்ற சொல்லில் இருந்த இழிவு நீங்கியது வரவேற்கத்தக்கது. மாற்று என்ற சொல்லில் இருந்த கணக்கும் அதோடு போய்விட்டது. மாற்றினார்களா என்று கேட்டால் ஆம், இல்லை என்று பதில் கிடைக்கும். மேம்படுத்தினார்களா என்று கேட்டால் அப்படிக் கிடைக்காது.

ஒப்பிட்டால் 'தரம் உயர்த்துதல்' நேர்மையான சொல். நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியானால் பத்தாம் வகுப்பு வர வேண்டும், அதற்கு ஆசிரியர் வர வேண்டும். ஆவடி நகராட்சி 2019இல் மாநகராட்சியாகவும், பொன்னேரியும் திருநின்றவூரும் 2021இல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியாகவும் தரம் உயர்ந்தன. படிக்கு எண் உண்டு, எங்கிருந்து எங்கே ஏறியது என்று தெரியும்.

ஏரிகளைப் பற்றிய சொற்கள் இன்னும் தெளிவானவை. திருவள்ளூர் ஏரிகளின் மாவட்டம். 1997இல் செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்து இது தனி மாவட்டமாவதற்கு நெடுங்காலம் முன்பே இங்கே ஏரிப் பாசனத்துக்கு முழுமையான சொற்றொகுதி இருந்தது. தூர் வாருவது, வரத்துக்கால் வெட்டுவது, கரையைக் கட்டுவது, மதகைச் செப்பனிடுவது, கலங்கலை உயர்த்துவது: ஒவ்வொன்றும் தனி வேலை, தனிக் கூலி. இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயர் மராமத்து. அரபியிலிருந்து வந்து வருவாய்த்துறை வழியாக ஊருக்குள் புகுந்த சொல். அதற்கு முன்னால் 'குடி' சேர்ந்ததும் அது ஊராரே கூடிச் செய்யும் வேலையாயிற்று. 1858இல் ஆங்கில அரசு குடிமராமத்துக்கென்றே ஒரு சட்டம் செய்தது. ஊர்வழக்கமாக நடந்த உழைப்பு சட்டக் கட்டாயமாயிற்று. 2017இல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. யார் செய்ய வேண்டும் என்பதைப் பெயரிலேயே கொண்ட அரசுத் திட்டங்கள் அதிகமில்லை. நடைமுறையில் ஊரார் எந்த அளவு பங்கேற்றார்கள், ஒப்பந்தக்காரர் எந்த அளவு என்பது ஏரிக்கு ஏரி வேறுபட்டது. பெயர் இருந்ததால் அதைக் கேட்க முடிந்தது.

1944இல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் 'சீரமைப்பு' என்ற இன்னொரு சொல்லுக்கு இடம் தந்தது. கிருஷ்ணா ஆற்று நீரைச் சென்னைக்குக் கொண்டுவரும் திட்டத்துக்காக அதன் கொள்ளளவு 2,573 மில்லியன் கன அடியிலிருந்து 3,231 ஆக உயர்த்தப்பட்டது. 1996இல் கிருஷ்ணா நீர் வந்தது. மண் கால்வாயில் கசிவு மிகுந்து, ஆந்திரப் பகுதியில் புட்டபர்த்தி சத்ய சாய் அறக்கட்டளை கண்டலேறு கால்வாயைச் சீரமைத்துத் தந்தபின் வரத்து கூடியது. ஊத்துக்கோட்டைப் பக்கத்து மக்கள் அதைச் சாய் கங்கை என்றே சொல்லிப் பழகினார்கள். இங்கே சீரமைப்பு என்பதற்குத் திட்டமான பொருள் இருந்தது: சரிந்த கரை எழுந்தது, கசிவு குறைந்தது.

புதுமையைச் சொல்லும் சொல் ஒன்று எதையும் புதிதாக்குவதில்லை. புதுப்பித்தல் என்பது வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்த ஒவ்வோர் ஐ.டி.ஐ. இளைஞருக்கும் தெரிந்த சொல். அந்நாளில் மூன்றாண்டுக்கு ஒருமுறை அட்டையைக் கொண்டுபோய் முத்திரை வாங்கினால் பதிவு மூப்பு நிலைத்தது. தவறினால் அத்தனை ஆண்டுக் காத்திருப்பும் போயிற்று. தவறவிட்டவர்களுக்கு அரசு அவ்வப்போது சலுகை அறிவித்தபோது வரிசை தெருமுனை வரை நின்றது. கோயில் வேலைக்கு வழங்கும் சொல் வேறு. சிறுவாபுரி முருகன் கோயிலிலோ திருவள்ளூர் வீரராகவர் கோயிலிலோ நடப்பதை ரிப்பேர் என்றோ புதுப்பித்தல் என்றோ ஊரார் சொல்ல மாட்டார்கள். அது திருப்பணி. கொத்தனார், தச்சர், பெயின்டர் எல்லாரும் அதே ஆட்கள்தான். சொல் மாறும்போது கூலியைப் பற்றிய பேச்சும் கையின் நிதானமும் மாறும்.

தண்ணீரோடு இந்த விவரம் நிறைவடையும். கலங்கிய ஆற்று நீரைக் குடிக்க, குடத்தின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசுவது பழைய வழக்கம். கொட்டையிலுள்ள பசைப்பொருள் மண் துகள்களைச் சேர்த்துக் கட்டியாக்கி அடியில் படியவைக்கும். தேற்றாங்கொட்டை என்ற பெயர் 'தேற்று' என்ற வினையிலிருந்து வந்தது. தெளியவை என்று பொருள். அதே வினையின் தன்வினை உடம்பு தேறுவதிலும் பயிர் தேறுவதிலும் பரீட்சையில் தேறுவதிலும் இருக்கிறது. பிறவினையோ இன்று பெரும்பாலும் துக்கத்தில் இருப்பவரைத் தேற்றுவதற்கே மிஞ்சியிருக்கிறது. கொட்டையின் இடத்துக்குப் படிகாரம் வந்தது, பிறகு குளோரின், பிறகு 'சுத்திகரிப்பு'. மணலியில் கச்சா எண்ணெய்க்கும் சிப்காட் தொழிற்பேட்டையில் ஆலைக் கழிவுநீருக்கும் அந்த ஒரே சொல்தான் வழங்குகிறது.

கலங்கல் மட்டும் இருந்தால் தேற்றலாம். மீஞ்சூரில் வந்தது அதுவல்ல. ஆரணியாறு, கொசஸ்தலைப் படுகைகளில் ஆழ்குழாய்க் கிணறுகள் நகரத்துக்கும் ஆலைகளுக்கும் அளவுமீறி உறிஞ்சியதால், 1960களின் இறுதியிலிருந்தே கடல்நீர் நிலத்தடியில் உள்ளே வந்தது. கிணறு உப்பாகிவிட்டது என்று ஊரார் சொன்னார்கள். தன்வினையில் சொன்னாலும் காரணம் யார் என்பது அவர்களுக்குத் தெரியும். உப்பு நீரில் கரைந்தது, துகளாக மிதப்பதல்ல. எந்தக் கொட்டையும் படிகாரமும் அதை அடியில் படியவைக்காது. உயர் அழுத்தத்தில் சவ்வு வழியாக நீரைத் தள்ளித்தான் பிரிக்க வேண்டும். 2010இல் மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் நிலையம் திறக்கப்பட்டது. அதன் பெயர் 'கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம்'. 'ஆக்கு' என்ற வினைக்கு இரண்டு பெயர்கள் வேண்டும், எதை என்று ஒன்று, எதுவாக என்று ஒன்று. அரசு வைத்த பெயர்களில் கைசன் தாளின் இரண்டு கட்டங்களையும் நிரப்பிய பெயர் இது. பிரித்தபின் மிஞ்சும் அடர்ந்த உப்புநீர் திரும்பக் கடலுக்குப் போகிறது. அது பழவேற்காடு முதல் எண்ணூர் வரையிலான மீனவர்களின் கடல். பெயரின் மூன்றாவது கட்டம் அது, இன்னும் எழுதப்படவில்லை.